கைதட்டலும் கூச்சலும்: கான் விழாவைத் திரும்பிப் பார்க்கும் ஒரு பாரிஸ் திரையரங்கு

பாரிஸின் ஐந்தாம் வட்டாரத்தில், சொர்போன் பல்கலைக்கழகத்தை ஒட்டிய குறுகிய தெருக்களில், பழைய படங்களை மட்டுமே நம்பிப் பிழைக்கும் திரையரங்குகள் சில இன்னும் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று, கான் திரைப்பட விழாவின் வரலாற்றை 18 படங்களின் வழியாகச் சொல்லும் மீள்திரையிடலை மூன்று வாரங்களாக நடத்திவருகிறது. அந்தப் பதினெட்டில் 13 படங்களை நான் அங்கு சென்று பார்த்தேன். குறைகளைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டியிருப்பதாலும், இரண்டே திரைகளோடும் நான்கைந்து ஊழியரோடும் காலந்தள்ளும் ஓர் அரங்குக்கு என் எழுத்தால் கேடு வந்துவிடக் கூடாது என்பதாலும் அதன் பெயரைத் தவிர்க்கிறேன். தமிழ்நாட்டு நாளிதழ்களில் பெரும்பாலும் ‘கேன்ஸ்’ என்று அச்சாகும் ஊரை இங்கே எல்லோரும் ‘கான்’ என்றே ஒலிப்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

இத்தகைய தொடர்களை அமைப்பதற்கு எளிய வழி ஒன்று உண்டு. உயரிய விருது பெற்ற படங்களின் பட்டியலை எடுத்து, உரிமை மலிவாகக் கிடைப்பவற்றைப் பொறுக்கி, ஆண்டு வரிசையில் அடுக்கிவிட்டால் வேலை முடிந்துவிடும். இந்த அரங்கு அப்படிச் செய்யவில்லை. எந்தப் படத்தை முன்வைத்து விழாவில் சண்டை மூண்டதோ, எந்தப் படம் முதற்காட்சியில் ஏளனத்துக்கு ஆளானதோ, எந்தப் படத்தின் பேரில் ஓர் அரசோ திருச்சபையோ சினங்கொண்டதோ, அப்படிப்பட்ட படங்களையே பெரும்பாலும் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு காட்சிக்கு முன்பும், அந்த ஆண்டு கானில் நடந்தது என்ன என்பதை ஒற்றைத் தாளில் அச்சிட்டு வாசலில் கொடுக்கிறார்கள். அந்தத் தாள்களைச் சேர்த்துவைத்திருக்கிறேன். தொடரின் மிகச் சிறந்த பகுதி அவைதாம் என்றுகூடச் சொல்வேன்.

விழாவின் பிறப்பே ஒரு சச்சரவில் நிகழ்ந்ததால் இந்தத் தேர்வுமுறை அதற்குப் பொருந்திவருகிறது. 1938ஆம் ஆண்டு வெனிஸ் விழாவில், நாட்சி ஜெர்மனியின் ஒலிம்பிக் விவரணப் படத்துக்கும் ஓர் இத்தாலிய விமானிப் படத்துக்கும் முசோலினி கோப்பை பகிர்ந்தளிக்கப்பட்டதைக் கண்டு மனம் கசந்து திரும்பிய பிரெஞ்சு அதிகாரி பிலிப் எர்லாஞ்சே, அரசியல் தலையீடற்ற ஒரு விழாவைப் பிரான்சே நடத்தவேண்டும் என்ற யோசனையை முன்வைத்தார். அப்போதைய கல்வி அமைச்சர் ஜான் ஸே அதை ஏற்றுக்கொண்டார். தொடக்க நாளாகக் குறிக்கப்பட்டது 1939 செப்டெம்பர் 1. அன்றைய தினமே ஜெர்மனி போலந்துக்குள் புகுந்தது, விழா நின்றுபோனது. ஜான் ஸேயை 1944இல், நாட்சிகளோடு ஒத்துழைத்த விஷி அரசின் துணைப்படையினர் சுட்டுக்கொன்றனர். விழா உண்மையில் தொடங்கியது 1946 செப்டெம்பரில். இவ்வளவையும் முகப்புக்கூடத்துச் சுவரில் நான்கு சுவரொட்டிகளாலும் இரண்டு பத்திரிகைப் பக்கங்களாலும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். நுழைவுச்சீட்டு வரிசையில் நிற்கும் நேரத்துக்குள் படித்துவிடலாம்.

முதல் குறையும் அந்த 1946ஆம் ஆண்டில்தான் வருகிறது. அவ்வாண்டு பதினொரு படங்கள் பெரும் பரிசைப் பகிர்ந்துகொண்டன. அவற்றுள் ஒன்று சேத்தன் ஆனந்தின் ‘நீச்சா நகர்’. மேட்டில் வாழும் செல்வர் தம் கழிவுநீரைத் தாழ்விடத்து ஏழைகளின் குடியிருப்புக்குள் திருப்பிவிடும் கதை அது. இசை ரவி சங்கர். இந்தியாவின் விடுதலைக்கு முந்திய ஆண்டில் கானுக்கு வந்த அந்தப் படத்துக்குக் கையேட்டில் ஒரே ஒரு வரிதான் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்த வரியும் அதைத் தங்கப்பனை விருது பெற்ற படம் என்று பிழையாகக் குறிக்கிறது. விழாவின் உயரிய விருதான தங்கப்பனை 1955இல்தான் உருவானது. (கான் நகரச் சின்னத்தில் உள்ள ஓலையே அந்த விருதின் வடிவம். ‘தங்கப்பனை’ என்று நாம் எழுதும்போதெல்லாம் யாழ்ப்பாணத்து வடலி மனக்கண்ணில் வந்து நிற்பதைத் தவிர்க்கமுடிவதில்லை. அதற்கு விழாவைக் குறைசொல்ல இயலாது.) 1946இன் பிரதிநிதிகளாகத் திரையிடப்பட்டவை ஓர் ஆங்கிலப் படமும் ‘ரோம், திறந்த நகரம்’ என்ற ரொசெல்லினியின் படமும். இரண்டுமே இந்நகரில் ஆண்டுக்கு இருமுறையேனும் எங்காவது ஓடுகின்றன. அவற்றுள் ஒன்றை விட்டுவிட்டு ‘நீச்சா நகர்’ படத்தைக் காட்டியிருந்தால், காணக் கிடைக்காத ஒன்றைக் காட்டிய பெருமை அரங்குக்குக் கிட்டியிருக்கும்.

தொடரின் உச்சம் என்று 1960ஆம் ஆண்டுக்கான இரு மாலைகளைச் சொல்லவேண்டும். முதல் மாலையில் ஃபெலினியின் ‘லா டோல்ச்சே வீட்டா’, மறுநாள் அன்டோனியோனியின் ‘லவ்வென்தூரா’. நாவலாசிரியர் ஜார்ஜ் சிமெனோன் தலைமையிலான நடுவர் குழு அவ்வாண்டு ஃபெலினிக்குத் தங்கப்பனையை வழங்கியது. அன்டோனியோனியின் படத்தையோ பார்வையாளர் சிரித்தும் கூச்சலிட்டும் வரவேற்றனர்; நடிகை மோனிகா வித்தி கண்ணீரோடு வெளியேறினார். மறுநாள் ரொசெல்லினி உள்ளிட்ட திரைக்கலைஞரும் விமர்சகரும் அந்தப் படத்தின் பக்கம் நின்று ஓர் அறிக்கையில் கையொப்பமிட்டனர். இறுதியில் அதற்கு நடுவர் பரிசு கிடைத்தது. இந்தத் தகவல்கள் எனக்குப் புதியவை அல்ல. ஆயினும், முந்தைய இரவு ரோமாபுரியின் கேளிக்கைகளில் மூன்று மணிநேரம் திளைத்த கண்ணோடு மறுநாள் வந்து அமரும்போது, ஒரு தீவில் காணாமற்போன பெண்ணைத் தேடத் தொடங்கி, பிறகு அந்தத் தேடலையே மெல்ல மறந்துவிடும் படம் எவ்வளவு எரிச்சலூட்டியிருக்கும் என்பது முதன்முறையாக உறைத்தது. கூச்சலிட்டவர்களை மூடர் என்று எண்ணிவந்த நான், அன்று அவர்களுள் ஒருவனாக இருந்திருக்கக்கூடும் என்ற ஐயத்தோடுதான் வீடு திரும்பினேன். இரு படங்களையும் அடுத்தடுத்து வைத்தவரின் நோக்கம் இதுவாக இருந்திருந்தால் அது முழுமையாக நிறைவேறியது.

1968ஆம் ஆண்டைக் கையாண்ட விதம் துணிச்சலானது. அந்த விழா தொடங்கிய மே 10ஆம் நாள் இரவில்தான், இந்த அரங்கிலிருந்து நடந்து செல்லக்கூடிய தொலைவிலுள்ள கே-லுசாக் தெருவில் மாணவர்கள் நடைபாதைக் கற்களைப் பெயர்த்துத் தடையரண்கள் எழுப்பினார்கள். எட்டு நாட்களுக்குப் பின் கானில், கார்லோஸ் சௌராவின் ‘பெப்பர்மிண்ட் ஃப்ராப்பே’ படம் தொடங்கவிருந்த வேளையில், பிரெஞ்சு இயக்குநர்கள் கோதார், த்ரூஃபோ முதலானோரும், படத்தின் இயக்குநரான சௌராவும், அதில் நடித்த ஜெரால்டின் சாப்ளினும் மேடைத் திரைச்சீலையைப் பிடித்துத் தொங்கி, அது விலகாதபடி தடுத்தனர். மறுநாள் விழா கைவிடப்பட்டது. எவருக்கும் பரிசு இல்லை. இந்த அரங்கில் அதே படத்தைத் திரையிட்டார்கள். விளக்குகள் அணைந்தன, முதல் ஒலி கேட்டது, ஆனால் சிவப்புத் திரைச்சீலை விலகவில்லை. மூடிய துணியின்மீது படம் நெளிந்துகொண்டு ஓடியது. ஏறத்தாழ ஒரு நிமிடம் கழித்து விளக்குகள் எரிந்தன. பிறகு எல்லாம் முறைப்படி தொடங்கியது. அறிவிப்போ விளக்கமோ எதுவும் இல்லை. தாளைப் படித்திருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பின்வரிசையில் இருந்த முதியவர் ஒருவர் மட்டும் இயந்திரம் பழுதென்று எண்ணி ஊழியரை அழைக்க எழுந்துவிட்டார். இது வித்தை காட்டுவது என்று சிலர் முணுமுணுத்தனர். எனக்குப் பிடித்திருந்தது. தடுத்து நிறுத்தப்பட்ட ஒரு படத்தை அரை நூற்றாண்டுக்குப் பின் முழுதாகப் பார்க்கிறோம் என்ற உணர்வை எந்தச் சொற்பொழிவும் அவ்வளவு சுருக்கமாகத் தந்திருக்காது. படம் சுமாரானது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

1968க்குப் பிறகு விழாவே மாறியது. இயக்குநர்கள் சங்கம் அடுத்த ஆண்டே ‘இயக்குநர்களின் இரு வாரம்’ என்ற இணைப் பிரிவைத் தொடங்கியது. நாடுகள் தாமே தெரிந்தெடுத்து அனுப்பிய படங்களை ஏற்றுக்கொள்ளும் வழக்கம் 1972இல் முடிவுக்கு வந்து, தேர்வை விழாவே செய்யத் தொடங்கியது. சண்டைகளைப் பற்றிய ஒரு தொடருக்கு இவை மையமான செய்திகள். அப்படியிருந்தும் ‘இரு வாரம்’ பிரிவில் வந்த ஒரு படம்கூட இந்தப் பதினெட்டில் இல்லை. 1975இல் அப்பிரிவில்தான் ஷாந்தால் ஆக்கர்மானின் ‘ஜான் தீல்மன்’ முதன்முதலில் காட்டப்பட்டது. ஒரு பெண்ணின் மூன்று நாள் வீட்டுவேலையைக் காட்டும் அந்த மூன்றேகால் மணிநேரப் படம் இல்லாமல் கானின் வரலாற்றை எப்படிச் சொல்வது? போட்டிப் பிரிவை மட்டுமே வரலாறு என்று எடுத்துக்கொண்டதன் விளைவாக, தொடரில் பெண் இயக்குநர் என்று ஜேன் கேம்பியன் ஒருவர்தான் மிஞ்சுகிறார். தங்கப்பனையை ஒரு பெண் முதன்முறையாகப் பெற்ற 1993ஆம் ஆண்டின் ‘பியானோ’ அது. அதையும் வேறோர் இயக்குநரோடு பகிர்ந்துகொண்டே அவர் பெற்றார்.

எழுபதுகளின் அமெரிக்கப் படங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ‘டாக்ஸி டிரைவர்’, ‘அப்போகலிப்ஸ் நவ்’ ஆகிய இரண்டும் வார இறுதியில் அரங்கை நிறைத்தன. அவற்றின் வருவாயில்தான் மற்றப் படங்கள் ஓடியிருக்கும் என்பதால் அவற்றை வரவேற்கவே வேண்டும்.

பிரதிகளின் தரம் பொதுவாக நன்று. மிகயில் கலதோசோவின் ‘நாரைகள் பறக்கின்றன’ 35 மி.மீ. பிரதியிலேயே காட்டப்பட்டது. தங்கப்பனை வென்ற ஒரே சோவியத் படமான அதில், சுடப்பட்ட வீரனின் தலைக்குமேல் பிர்ச் மரங்கள் சுழலும் காட்சியைக் கறுப்பும் வெள்ளியுமாக, சிறு கீறல்களோடு பார்த்தபோது, எண்ணிம மீட்பில் காணாமற்போகும் ஏதோ ஒன்று அங்கே இருந்தது. சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ எண்ணிமப் பிரதி. 1993இல் இலண்டனில் ஏற்பட்ட தீயில் கருகிய மூலச் சுருள்களிலிருந்து எடுக்கமுடிந்தவற்றையும் வேறு பிரதிகளையும் சேர்த்து, பொலோஞாவில் மீட்டெடுத்தது. ஒலி மட்டும் பின்வரிசைக்குத் தேய்ந்தே வருகிறது. 1956இல் ‘சிறந்த மனித ஆவணம்’ என்ற, அந்தப் படத்துக்கென்றே புனைந்தது போன்ற பரிசைக் கான் வழங்கியது. அதைக் காலை பதினொரு மணிக்கு ஒரே ஒரு காட்சியாக வைத்திருந்தார்கள். பள்ளிப் பிள்ளைகளோடு வந்த ஓர் ஆசிரியையையும் என்னையும் சேர்த்து முப்பது பேர் இருந்திருப்போம். ரயிலைப் பார்க்க அக்காவும் தம்பியும் நாணற்காட்டில் ஓடும்போது பிள்ளைகள் அத்தனை பேரும் அசையாமல் இருந்ததைக் கண்டேன்.

‘யோல்’ படத்துக்கான இரவு முற்றிலும் வேறு. துருக்கியில் சிறையில் இருந்தபடியே யில்மாஸ் குனே எழுதி, அவருடைய அறிவுறுத்தலின்படி ஷெரிஃப் கோரன் வெளியே இயக்கி, பின்பு குனே சிறையிலிருந்து தப்பி ஓடி சுவிட்சர்லாந்தில் படத்தொகுப்பை முடித்த படம் அது. 1982இல் தங்கப்பனையைப் பகிர்ந்துகொண்டது. சில நாள் விடுப்பில் ஊர் செல்லும் கைதிகளின் கதை. குனே 1984இல் இதே பாரிஸில் இறந்து, பெர்-லஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கமானார். அன்றிரவு குர்திஷ் குடும்பங்கள் திரண்டு வந்திருந்தன. கூடுதல் நாற்காலிகள் போட்டும் போதவில்லை. சிலர் படிகளில் அமர்ந்தனர். பனிமலையில் கணவன் தன் மனைவியை நடத்திச் செல்லும் நீண்ட காட்சியில் அரங்கே இறுகிப்போயிருந்தது. எழுதத் தெரிந்த ஒருவர் எங்கு அடைபட்டிருந்தாலும் தம் மக்களுக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுவார் என்று பக்கத்தில் இருந்தவர் இடைவேளையற்ற அந்தப் படம் முடிந்ததும் என்னிடம் சொன்னார். அவர் என்னையும் குர்திஷ்காரர் என்று நினைத்திருந்தார் போலும்.

‘தீபன்’ படத்தை 2015இல் வெளியானபோதே பார்த்திருக்கிறேன். கோயன் சகோதரர்கள் தலைமையிலான குழு ஜாக் ஒதியாரின் இந்தப் படத்துக்குத் தங்கப்பனை அளித்ததைப் பிரெஞ்சு விமர்சகர் பலர் அப்போது ஏற்கவில்லை. எம்மவரிடையே நடந்த விவாதமோ வேறு வகையானது. ஈழப்போரில் தோற்ற போராளி ஒருவர், அறிமுகமற்ற பெண் ஒருத்தி, தாய் தந்தையற்ற சிறுமி ஒருத்தி ஆகிய மூவரும் இறந்துபோன ஒரு குடும்பத்தின் கடவுச்சீட்டுகளில் பிரான்சுக்கு வந்து, புறநகர் அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலாளிக் குடும்பமாக நடிக்கும் கதை அது. எழுத்தாளர் ஷோபாசக்தி என நாம் அறிந்த அன்ரனிதாசன் யேசுதாசன், தாமும் அகதியாக வந்து சேர்ந்த நாட்டின் படத்தில், பெரும்பகுதி தமிழிலேயே பேசி நடித்தார். காளீஸ்வரி சீனிவாசனின் உச்சரிப்பில் இங்குமங்குமாகச் சென்னை எட்டிப்பார்த்தாலும், அவருடைய கோபத்தில் அது மறந்துபோகிறது.

இருநூறு பேருக்கு நடுவே இந்தப் படத்தைத் தமிழ் அறிந்த ஓரிருவருள் ஒருவனாக இருந்து பார்ப்பது விந்தையான அனுபவம். எம்மவர் ‘ஒப்ரா’ என்று சொல்லும் அகதிகள் அலுவலகத்தில் நடக்கும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அதிகாரி பிரெஞ்சில் கேட்கிறார். தமிழ் மொழிபெயர்ப்பாளரோ அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, எல்லோரும் சொல்லும் பாடமாக்கிய கதையைச் சொல்லாதே என்று வந்தவரைத் தமிழில் மடக்குகிறார். அதிகாரி பொறுமையாகக் காத்திருக்கிறார். உபதலைப்பைப் படித்துவிட்டு அரங்கு சிரித்தது. அவர்கள் சிரிப்பதற்கு இரண்டு வினாடி முந்தியே நான் சிரித்து முடித்துவிட்டேன். அதற்கு அடுத்த வினாடி, அந்த அறையில் நானும் ஒருமுறை அமர்ந்திருந்தது நினைவுக்கு வந்து சிரிப்பு அடங்கிவிட்டது. இருளில் மினுங்கும் நீலப் புள்ளிகள் நெருங்கி வர, தெருவில் விளையாட்டுப் பொருள் விற்பவர் தலையில் மாட்டிய விளக்குகளாக அவை மாறும் காட்சியின் அழகைப் பற்றிப் பிற்பாடு பேசிய விரிவுரையாளர் நெடுநேரம் விளக்கினார். பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் நாம் வாங்கிய முதல் குளிர்ச்சட்டையின் விலை அந்த விளக்குகளில்தான் இருந்தது என்பதை எழுந்து சொல்லலாமா என்று எண்ணி, பிறகு விட்டுவிட்டேன். படத்தின் இறுதிப் பகுதி இன்றும் எனக்கு உடன்பாடில்லை. படியேறிச் சுட்டுத் தள்ளும் வீரனாக அவரை மாற்றாமல் இருந்திருந்தால் இது இன்னும் பெரிய படமாகியிருக்கும்.

அந்த விரிவுரைகளைப் பற்றி ஒரு சொல். இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கவேண்டிய படத்துக்கு முன்னுரை என்று முப்பத்தைந்து நிமிடம் பேசுவது, கடைசி மெட்ரோவைப் பிடிக்கவேண்டிய புறநகர்வாசிகளுக்கு இழைக்கும் அநீதி. கதையின் முடிவையும் முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார்கள். வாசலில் தரும் ஒற்றைத் தாளே போதும். இரண்டாம் திரையில், ஐந்தாம் வரிசைக்குப் பின்னால் எங்கு அமர்ந்தாலும் முன்னால் இருப்பவரின் தலை உபதலைப்பின் பாதியை மறைக்கிறது. மொழி தெரியாத படமென்றால் நடுவரிசை ஓரத்து இருக்கையே உத்தமம். பனிக்காட்சிகளில் வெள்ளை எழுத்துகள் வெள்ளைத் தரையில் கரைந்துபோவதற்கு அரங்கு பொறுப்பல்ல என்றாலும், ‘யோல்’ பார்க்கப்போகிறவர்கள் அறிந்திருப்பது நல்லது. நுழைவுச்சீட்டு ஒன்றுக்கு 9 யூரோ. பத்துப் படங்களுக்கான அட்டை 60 யூரோ. அட்டையை இருவர் சேர்ந்தும் பயன்படுத்தலாம் என்பதைக் கேட்டால்தான் சொல்கிறார்கள்.

வரும் வாரம் ஐந்து படங்களை மறுபடியும் திரையிடுகிறார்கள். ‘லவ்வென்தூரா’ சனிக்கிழமை மாலை, ‘யோல்’ ஞாயிறு இரவு. இரண்டுக்கும் முன்பதிவு செய்துகொள்வது நல்லது. ‘தீபன்’ வியாழக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. இந்நகரத்து உணவகங்களின் சமையற்கூடங்களில் வேலைசெய்யும் நம்மவர்களுக்கு மதியவேலை மூன்று மணிக்குத்தான் முடியும். மீண்டும் ஆறு மணிக்கு வேலைக்கு நிற்கவேண்டும். படத்தின் நீளம் இரண்டு மணிநேரத்துக்குச் சற்றுக் குறைவு. காட்சியை மூன்றரைக்கு மாற்றமுடியுமா என்று சீட்டு கொடுக்கும் பெண்ணிடம் கேட்டேன். அந்த நேரத்தில் எவர் வருவார் என்று வியந்தபடியே, மேலாளரிடம் சொல்வதாக என் பெயரைக் குறித்துக்கொண்டார்.